எனக்குப் போட்ட ஊசி எதுவென்று எனக்குச் சொல்ல வேண்டாம்

அனுப்புநர்:
பங்கேற்பாளர் எண் 41,
(பெயர் எழுதக் கூடாது, எண் மட்டுமே என்பது தங்கள் மையத்தின் விதி)
முடிதிருத்தகம்,
மருத்துவமனை வாசலுக்கு எதிர் வரிசை.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
ஆய்வு நெறிமுறைக் குழு,
பொது மருத்துவமனை.

பொருள்: இடுப்புவலிக்கான அக்குபஞ்சர் ஆய்வு – யாருக்கு எந்த ஊசி போடப்பட்டது என வரும் வெள்ளிக்கிழமை அறிவிப்பது – அதை எனக்கு அறிவிக்க வேண்டாம் எனவும், என் மனைவிக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சை தவறிவிடக் கூடாது எனவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: ஆய்வு மையத்தின் கதவில் ஒட்டப்பட்டுள்ள அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் முடிதிருத்தும் தொழில் செய்பவன். நாள் முழுவதும் நின்றபடி பிறர் தலைமீது குனிந்திருக்கும் வேலை. என் மனைவி தையற்கூடத்தில் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தே இருப்பவர். எனக்கு நின்று நின்று இடுப்பு போனது, அவருக்கு உட்கார்ந்து உட்கார்ந்து போனது. ஆகவே தாங்கள் நடத்திய ஆய்வில் இருவருமே சேர்ந்தோம்.

2. பாதிப் பேருக்கு உண்மையான ஊசி, மறுபாதிக்குத் தோலைத் தொட்டு நிற்கும், உள்ளே இறங்காத ஊசி, யாருக்கு எது என்பது ஆய்வு முடியும்வரை சொல்லப்படாது என்று முதலிலேயே விளக்கினார்கள். சம்மதித்துத்தான் கையெழுத்திட்டோம். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. முகத்துக்கு ஓட்டை வைத்த கட்டிலில் குப்புறப் படுத்திருந்ததால், ஊசி போட்ட மருத்துவரின் காலணிகளை மட்டுமே நான் அறிவேன். பழுப்பு நிறம், இடது காலில் முடிச்சு எப்போதும் தளர்ந்திருக்கும். முதலில் சுருக்கென்று ஒரு குத்து, பிறகு லேசாக ஒரு பாரம், பிறகு தூக்கம் வந்துவிடும். அடுத்தவர் தோலைத் தொட்டே பிழைக்கும் எனக்குக்கூட அது உள்ளே இறங்கியதா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

3. எனக்கு வலி போய்விட்டது. குனிந்து என் காலணியை நானே மாட்டுகிறேன். வாடிக்கையாளரின் பிடரியைத் திருத்தும்போது பல்லைக் கடிப்பதில்லை. முன்பெல்லாம் அவர்கள் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, “அண்ணே, கத்தி என் கழுத்துல இருக்கு, நீங்க ஏன் மூஞ்சிய இப்படிக் கோணிக்கிறீங்க?” என்று பதறுவார்கள். இப்போது அந்தப் பேச்சே இல்லை.

4. என் மனைவிக்கோ எள்ளளவும் குறையவில்லை. அதே கட்டில், அதே பழுப்புக் காலணிகள். பேருந்திலிருந்து இறங்க இன்னும் என் தோளைத்தான் பிடித்துக்கொள்கிறார். “உங்க வலியையும் சேத்து எனக்கே எழுதிட்டாங்க போல” என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

5. இந்நிலையில்தான் மேற்படி அறிவிப்பு வந்துள்ளது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஒவ்வோர் எண்ணுக்கும் எந்த ஊசி என்று படிக்கப்படுமாம். இறங்காத ஊசி பெற்றவர்களுக்கு இனி உண்மையான ஊசி போடப்படுமாம். நியாயமான ஏற்பாடுதான். ஆனால், சென்ற மாதம் வங்கியில் வேலை பார்க்கும் வாடிக்கையாளர் ஒருவர், முகம் முழுக்க நுரையோடு, “பாதிப் பேருக்கு டூப்பு ஊசிதானாமே, உங்களுக்கு எதுண்ணே?” என்று கேட்டார். கடையே சிரித்தது, நானும் சிரித்தேன். அன்று மாலை தரையைக் கூட்டக் குனிந்தபோது பழைய இடத்தில் பிடித்துக்கொண்டது. சில நாள் படுத்திவிட்டுத்தான் போனது. விளையாட்டுக்குக் கேட்ட கேள்விக்கே இந்தப் பாடு என்றால், தாங்களே ஒலிபெருக்கியில் உறுதிசெய்தால் என் கதி என்ன? இது மனப்பிரமை என்று தாங்கள் கருதலாம். இருக்கலாம் ஐயா. ஆனால் நிமிர முடியாமல் நிற்பவனுக்கு அதன் பெயரால் என்ன பயன்?

6. என் மனைவிக்கு மட்டும் அறிவித்தால் போதும் என்று மையத்தின் செவிலியரிடம் கேட்டுக்கொண்டேன். அவர், “ஒரே வீட்டு ஆளுங்கள ஒரே பிரிவுலதாங்க போட்டிருக்கோம். இல்லாட்டி வீட்டுக்குப் போய் ரெண்டு பேரும் ஒப்பிட்டுப் பாப்பீங்களே!” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர்மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம். நல்லவர், வாய் தவறிவிட்டது.

7. ஆக, எனக்கு எதுவோ அதுவே என் மனைவிக்கும். இறங்காத ஊசி என்றால், அவர் குணமாக இன்னும் ஒரு வழி இருக்கிறது. உண்மையான ஊசி என்றால், என் இடுப்பு தப்பியது, அவருக்கு அந்த வழியும் அடைபட்டது. ஒரே வீட்டில் அவர் ஒன்றை வேண்டிக்கொள்ள, நான் இன்னொன்றை வேண்டிக்கொண்டிருக்கிறேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவரிடம் சொல்லி என்னிடம் மறைக்கச் சொல்லவும் வழியில்லை. எனக்குத் தெரியாமல் எனக்கொரு சட்டை வாங்கி வந்தால்கூட, செருப்பைக் கழற்றும் முன்பே அதன் நிறத்தைச் சொல்லிவிடுகிறவர் அவர்.

8. செவிலியர் வாய் தவறிச் சொன்னதை நான் சொன்னதும், நேற்று அவர் கூட்டத்துக்கே வரப்போவதில்லை என்று கூறிவிட்டார். “எனக்குப் பழகிப்போச்சுங்க. உங்களுக்காவது நல்லாயிருக்கே, அதப் போய் ஏன் கெடுத்துக்கணும்?” என்றார். சொல்லிவிட்டு, நாற்காலியிலிருந்து எழ இரண்டு கைகளாலும் மேசையை ஊன்றினார். கூட்டத்துக்கு வராதவர்களுக்கு உண்மையான ஊசி பெற மறுவாய்ப்பு இல்லை என்று அறிவிப்பின் கடைசி வரியில் உள்ளது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேலையில் கை ஓடவில்லை. இந்த மனு எழுதுவது அவருக்குத் தெரியாது. ஆகவே பதிலைத் தயவுசெய்து கடை முகவரிக்கே அனுப்பவும்.

9. எனவே, இதுவரை போட்டது எதுவாக இருந்தாலும், எங்கள் இருவரிடமும் அதைச் சொல்லாமலே, பங்கேற்பாளர் எண் 42 ஆகிய என் மனைவிக்கு உண்மையான ஊசி போட ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே போட்டிருந்தால் இன்னொரு முறை போடுவதில் கெடுதல் ஒன்றும் இருக்காது என்று நம்புகிறேன்.

10. விதிகள் அதற்கு இடம் தரவில்லை என்றால், இம்மனுவின் பொருளில் முதல் பாதியை அடித்துவிட்டு, இரண்டாம் பாதியை மட்டும் பரிசீலிக்கவும். வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு நானே அவரை அழைத்து வருவேன். எங்கள் எண்களைச் சத்தமாகவே படிக்கலாம். பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். கூட்டம் முடிந்து எழும்போது யார் யாரைப் பிடித்துக்கொள்வது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இடம்: கடை
நாள்: செவ்வாய்க்கிழமை

தங்கள் பதிலை எதிர்பார்த்தும், அதற்குப் பயந்தும்,
(கையொப்பம்)
பங்கேற்பாளர் எண் 41