நீ தவறி விழவில்லை, மச்சான்

என் தங்கையைக் கைப்பிடித்து, பயந்த சுபாவக்காரனான என்னையும் உன்னோடு சேர்த்துக்கொண்ட அன்பு மச்சானுக்கு,

நீ போய் ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதத் தொடங்கினால் அந்த அறிக்கையைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதனால் தள்ளிப்போட்டேன்.

இனித் தள்ள முடியாது. லண்டனில் நம் ஊர்க் கழகங்கள் நடத்தும் கோடை உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியில் இம்முறை உன் பெயரில் ஒரு கோப்பை வைக்கிறார்கள். வருகிற ஞாயிறு இறுதி ஆட்டம். கோப்பையைக் கொடுக்கத் தங்கச்சி சம்மதித்திருக்கிறாள். இறுதிக்கு வந்திருக்கும் ஓர் அணிக்கு யார் பயிற்றுநர் தெரியுமா? உன் காலை உடைத்தவன். அவன் அணி வென்றால், அவள் கையிலிருந்து அவன் கைக்குக் கோப்பை போகும். நான் எழுதிய அறிக்கையின்படி உன்னை யாரும் அடிக்கவில்லை. கோல் கம்பத்தில் மோதித் தவறி விழுந்தாய்.

போட்டிக் குழுத் தலைவர் என்னிடம் விழா மலருக்குக் கட்டுரை கேட்டார். "மாஸ்டர், உதைபந்தாட்டம் எப்பிடித் தொடங்கினதெண்டு ரெண்டு பக்கம் எழுதுங்கோ. உங்களை விட்டா இஞ்ச ஆர் படிச்ச ஆள்?" என்றார். என் வீடிருக்கும் குட்மேய்ஸிலிருந்து பஸ் பிடித்து மூன்று வாரம் நூலகத்துக்குப் போனேன். படித்துக் குறிப்பெடுப்பது ஒன்றுதானே எனக்கு ஒழுங்காக வரும்?

வெள்ளைக்காரனின் கண்ணியமான விளையாட்டு என்றுதானே நமக்குச் சொல்லித்தந்தார்கள்? ஆரம்பத்தில் அது ஊர்ச்சண்டை, மச்சான். ஓர் ஊர் முழுவதும் திரண்டு மற்ற ஊரின்மேல் பாயும். பந்து வயலிலும் ஓடையிலும் கடைத்தெருவிலும் உருளும். எல்லை கிடையாது, ஆள்கணக்கும் கிடையாது. விலா எலும்புகள் நொறுங்கின. மிதிபட்டும் நீரில் மூழ்கியும் ஆட்கள் செத்தார்கள். மன்னர்கள் தடைசெய்தும் அது நிற்கவில்லை. பிறகு பெரிய பள்ளிக்கூடங்கள் தங்களுக்கென்று ஆளுக்கொரு விதி எழுதிக்கொண்டன. சிலவற்றில், எதிராளியின் கால் முன்னெலும்பில் கனத்த சப்பாத்தால் உதைப்பதும் ஆட்டத்தில் சேர்த்தி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த லண்டனிலேயே ஒரு மதுச்சாலையில் கழகக்காரர்கள் பலமுறை கூடி, எல்லோருக்கும் பொதுவான விதிகளை எழுதினார்கள். கடுமையான வாக்குவாதம் எதில் வந்தது தெரியுமா? காலில் உதைக்கலாமா கூடாதா என்பதில். அதை எடுத்துவிட்டால் ஆட்டத்தின் வீரமே போய்விடும் என்று சிலர் வாதாடினார்கள். உதைக்கக்கூடாது என்று முடிவானதும் ஒரு கழகம் எழுந்து வெளியே போய்விட்டது. அந்தப் பக்கத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன்.

ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய அந்த அரையிறுதி ஆட்டம். ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருந்தபோது, நடுவராக நின்ற நீ அவன் அணிக்கு எதிராகப் பெனால்டி கொடுத்தாய். அவன் உன் நெஞ்சோடு நெஞ்சாக வந்து நின்றான்.

"நீ எந்த ஊர்க்காரன் எண்டு எங்களுக்குத் தெரியுமடா. உன்ர ஊருக்கு வெண்டு குடுக்கத்தான் விசிலோட வந்தனி!"

"ஊர்க் கதையை வீட்ட போய்க் கதை. பந்தை வைச்சிட்டுத் தள்ளி நில்," என்றாய்.

முதல் உதை உன் வலது காலில். நீ விழவில்லை. சிவப்பு அட்டையை எடுக்கச் சட்டைப்பைக்குள் கைவிட்டாய். இரண்டாவது உதையில் எலும்பு முறிந்த சத்தம் கோட்டுக்கு வெளியே என் மேசைவரை கேட்டது. நீ சரிந்ததும் முகத்தில் மிதித்தான். வாயிலிருந்த விசில் பல்லோடு உள்ளே போனது. பிறகு மூன்று பேர் ஓடிவந்து முதுகில் மிதித்தார்கள். ஒருவன் மூலைக் கொடிக்கம்பைப் பிடுங்கி உன் முதுகில் அடித்தான். கம்பு முறிந்த பிறகும் முறிந்த பாதியால் குத்தினான். நீ புல்லைப் பிடித்து இழுத்து ஊர்ந்தாய். என் பக்கமாகத்தான் ஊர்ந்தாய்.

நான் என்ன செய்தேன்? போட்டிச் செயலாளரின் வேலையைச் செய்தேன். என் கொப்பியில் பென்சிலால் நிமிடம் நிமிடமாகக் குறித்தேன்.

உனக்குத் தெரியும், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் செயலாளர் அறிக்கை எழுத, இரு அணித் தலைவர்களும் ஒப்பமிட வேண்டும். ஒரு பிரதி மைதானம் தரும் கவுன்சிலுக்குப் போகும். அன்று குழுத் தலைவர் என்னைத் தன் காருக்குள் இருத்திக் கதவைச் சாத்தினார்.

"மாஸ்டர், அவன்ர அசைலம் கேஸ் இன்னும் முடியேல்லை. அடிச்சவனெண்டு எழுதினா நாளைக்கே ஊருக்குப் பிளேனில ஏத்திப்போடுவாங்கள். அங்க போனா அவன்ர உயிருக்கு நீங்களோ பொறுப்பு? மைதானமும் போகும். விழுந்தவர் எண்டு எழுதுங்கோ."

எழுதினேன். கையெழுத்து வழக்கம்போல அழகாகவே இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில், தையல் போட்ட வாயால் நீ கேட்டாய். "பொலிஸ் வேண்டாம் மச்சான், அவன்ர கேஸ் கெட்டுப்போம். ஆனா நடந்தது எழுத்தில இருக்கவேணும். அவன் இனி விளையாடக்கூடாது. உள்ளபடி எழுதினனீங்களோ?"

"ஓம்," என்றேன்.

"அவளுக்கு இப்ப சொல்லாதேங்கோ. நடக்கத் தொடங்கினாப்பிறகு நானே சொல்லுறன்."

நீ நடக்கவில்லை. மூன்றாவது வாரம், காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள். அடித்தவனுக்கு ஒருநாள் தடைகூட இல்லை. பின்னர் அவனுக்கு விசாவும் கிடைத்தது. அவனையும் காப்பாற்றி, உண்மையையும் காப்பாற்ற நீ எனக்கு வழி காட்டியிருந்தாய். கோழைத்தனத்தை இரக்கம் என்று நான்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேனோ? இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

மலருக்கான கட்டுரையில், மதுச்சாலைக் கூட்டத்துக்குப் பிறகு உனக்கு நடந்ததையும் எழுதிக் கொடுத்தேன். தலைவர் படித்துவிட்டு, "வரலாறு மட்டும் காணும் மாஸ்டர்," என்று கடைசிப் பக்கத்தை மடித்து என் சட்டைப்பையில் வைத்தார். ஆகையால் இந்தக் கடிதத்தையே பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

அச்சில் வருமுன் தங்கச்சி என் வாயால் கேட்க வேண்டும் என்று நேற்றுப் பிளேஸ்டோவில் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் காய் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல வெட்டுவதை நிறுத்தவில்லை.

"அடிச்சதெண்டு எனக்குத் தெரியும்," என்றாள். "அவற்ர முதுகைத் துடைச்சது நான். விழுந்த மனிசனுக்கு முதுகில சப்பாத்து அச்சு விழுமே அண்ணை? சாகிறவரைக்கும் அவர் சொல்லேல்லை. நீங்கள் சொல்லுவியள் எண்டு அஞ்சு வருசம் பாத்துக்கொண்டிருந்தனான். ஆரெண்டுதான் எனக்குத் தெரியாது."

பெயரைச் சொன்னேன். கத்தி நின்றது.

"அவனுக்கோ நான் கோப்பை குடுக்கப்போறன்?"

பிறகு அவளே கேட்டாள். "அவரை அடிக்கேக்க நீங்கள் எங்க நிண்டனீங்கள்?"

"மேசையில இருந்து எழுதிக்கொண்டிருந்தனான்."

அவள் என் கைகளைப் பார்த்தாள். பிறகு, "அந்தக் கொப்பி இருக்கோ?" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். நிமிடம் நிமிடமாக விரல் வைத்துப் படித்தாள்.

"ஞாயிறு நான் வருவன். ஆட்டம் தொடங்க முதல் எல்லாரும் நிக்கேக்க இதை வாசிக்கவேணும்."

வாசிப்பேன், மச்சான். அவன் பெயரையும் வாசிப்பேன், அதை மறைத்த என் பெயரையும் வாசிப்பேன். ஒலிவாங்கியைப் பிடுங்குவார்களா, அடிப்பார்களா, தெரியாது. என் குரல் இடையில் நின்றுபோனால் மிச்சத்தைத் தங்கச்சி வாசிப்பாள். பள்ளிக்கூட நாள் முதல் என் கையெழுத்து அவளுக்குப் பழக்கம்.

உன் மனைவியின் அண்ணன்,
உனக்குப் பொய் சொன்ன மச்சான்.