இரண்டாவது மழைக்குக் காத்திருந்தவன்

இத்தனை காலம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ இருந்தபோது நீ கேட்டுக்கொண்டதற்காகப் பேசாமல் இருந்தேன். நீ போன பிறகு உன் மனைவிக்காகப் பேசாமல் இருந்தேன். இன்று காலை திண்டுக்கல் வெங்காய மண்டியில் அந்தப் பொறுமை தீர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வெங்காயம் வாங்கப் போயிருந்தேன். வாசலில் கழித்துப் போட்ட மூட்டை ஒன்று அழுகிக் கிடந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதுமே உன் பள்ளக்காடு கண்ணில் வந்து நின்றது. திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது தங்கவேலின் குரல் கேட்டது. உன் கிணற்றில் பாதிப் பங்குக்காரர், இப்போது உன் காட்டையும் குத்தகைக்கு எடுத்து உழுகிறவர், வியாபாரிகள் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"பள்ளக்காட்டுல மொத மழைக்கு நட்டா அம்புட்டும் அழுகிரும்ணே. ரெண்டாவது மழை பேஞ்சு, தண்ணி வடிஞ்சு, மண்ணுச் சூடு எறங்கணும். அதுவரைக்கும் பொறுக்கணும். நம்ம அனுபவத்துல சொல்றேன்."

நம்ம அனுபவம். நான் வெங்காயம் வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

பங்குனியில் முதல் கோடை மழை விழுந்த மறுநாள் ஊரே விதை வெங்காயத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்கு ஓடும். நீ வெறுங்கையோடு போவாய். குத்தவைத்து உட்கார்ந்து, மணிக்கட்டு வரை மண்ணுக்குள் கையை விட்டுக் கண்ணை மூடிக்கொள்வாய். "மேலதான் மாப்ள ஈரம். உள்ள இன்னும் கொதிக்குது" என்பாய். எனக்கு ஒன்றும் தெரியாது. விடுமுறைக்கு ஊருக்கு வரும் கல்லூரி வாத்தியார் நான். ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றும்.

டீக்கடையில் யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. "ஏலே அப்பு, நாடி என்ன சொல்லுது? காய்ச்சல் விட்டுருச்சா?" என்று தங்கவேல் ஆரம்பிப்பார். "டாக்டரு ஊசி போட்டுட்டுத்தேன் நடுவாரு" என்று இன்னொருவர் முடிப்பார். ஒரே ஒரு தடவை நீ பதில் சொன்னாய். "உங்களுது செவக்காடுண்ணே, மேடு. தண்ணி நிக்காது. என்னுது பள்ளமாச்சே." அதற்கும் சிரித்தார்கள். பிந்தி நட்டாலும் உன் காய் திரட்சியாக வந்தபோது மட்டும், "பள்ளக்காடு, வெளையாம என்ன செய்யும்" என்றார்கள். விளைந்தால் காட்டுக்குப் பெருமை, உனக்கு ஒன்றுமில்லை.

பிறகு அந்த வருடம் வந்தது. கோயிலில் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை நம் ஊரில் யாரும் நடவில் கை வைப்பதில்லை. அதனால் காப்புக்கு முன்பே எல்லோரும் நட்டு முடித்துவிடுவார்கள். நீ மட்டும் எப்போதும் திருவிழாவுக்குப் பிறகுதான். அதுவரை அது கேலியாக மட்டும் இருந்தது. அந்த வருடம் காப்புக்கு முன் கூடிய கோயில் கூட்டத்தில் தங்கவேல் எழுந்து, "ஊரே நட்டுக் கெடக்கையில ஒருத்தன் காடு மட்டும் மொட்டையாக் கெடந்தா ஆத்தாளுக்கு மழை குடுக்க எப்படி மனசு வரும்?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். சிரித்திருந்தால் நீ தாங்கியிருப்பாய்.

மறுநாள் விடிந்ததும் உன்னைப் பார்க்க வந்தேன். வெங்காயம் சேமிக்கும் பட்டறையிலிருந்து விதையை அள்ளிக்கொண்டிருந்தாய். மாதக்கணக்கில் காற்றாடப் போட்டு, அழுகியதை அன்றன்றே பொறுக்கிக் காப்பாற்றிய விதை. அது போனால் அடுத்து நட உன்னிடம் வேறு எதுவும் இல்லை.

"கைய விட்டுப் பாத்தியாடா?"

"பாத்தேன்."

"சூடு எறங்கிருச்சா?"

"எறங்கல."

"அப்பறம் எதுக்குடா அள்ளுற?"

கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய்: "அவய்ங்க கூட ஒரு வருசமாச்சும் சேந்து உக்காந்து டீ குடிக்கணும் மாப்ள. நீ இத எங்கயும் பேசாத."

அந்த ஒரு வாக்கியத்துக்காக உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. இன்னும் தீரவில்லை. அந்தப் பெஞ்சில் உனக்கு இணையாக உட்காரும் தகுதி எவனுக்கு இருந்தது?

நீ நட்டாய். திருவிழாவின் நடுவில் இரண்டாவது மழை கொட்டியது. மேட்டுக்காடுகளில் தண்ணீர் வழிந்து ஓடியது. உன் காட்டில் வந்து நின்றது. நான் வந்து பார்த்தபோது வரப்பு வரை அந்த வாடை. நீ ஒரு வெங்காயத்தைப் பிடுங்கி விரலால் அழுத்தினாய். கூழாக ஒழுகியது. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாய். அப்புறம் நீ அந்தக் காட்டுக்குள் இறங்கியதாக எனக்கு நினைவில்லை. தங்கவேல் குத்தகை கேட்டார், கொடுத்தாய். நூல் மில் வாசல் நாற்காலியில் காவலாளியின் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்தாய். நான் வரும்போதெல்லாம் "வர்ற வழியில ஆத்தூர்ப் பக்கம் மழையா?" என்று மட்டும் கேட்பாய். அந்த நாற்காலியில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாயாம்.

மாலை போட வந்த தங்கவேல் எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னார்: "நல்ல பொறுமசாலி. அந்த ஒரு வருசந்தேன் அவசரப்பட்டுட்டான்." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். உன்னைத் தள்ளிவிட்ட அத்தனை தலைகளும். உன் மனைவி பக்கத்தில் அழுதுகொண்டிருந்ததால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து பத்துப் பேர் சேர்ந்து ஒருவனைப் பார்த்துச் சிரிக்கும் இடத்தில் என்னால் உட்கார முடிவதில்லை. ஆசிரியர் அறையிலும் சரி, கல்யாண வீட்டிலும் சரி, எழுந்து வந்துவிடுகிறேன். சேராத ஆள் என்று எனக்கும் பெயர் விழுந்துவிட்டது. இருக்கட்டும். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.

இந்த மடலை உன் பெயருக்கே, ஊர் முகவரிக்கே அனுப்பப்போகிறேன். உன் மனைவி மகளோடு ஒட்டன்சத்திரம் போய்விட்டதால் வீடு பூட்டிக் கிடக்கிறது. பூட்டிய வீட்டுத் தபாலைத் தபால்காரர் டீக்கடையில்தான் கொடுத்துவிட்டுப் போவார். அவர்கள் பிரிப்பார்கள். ஒருவர் உரக்கப் படிப்பார். யார் எழுதியது என்பது பாதியிலேயே தெரிந்துவிடும். ஆனாலும் அடியில் என் பெயரைப் போடமாட்டேன். பெயர் இருந்தால் என்னைத் திட்டிவிட்டு எழுந்து போவார்கள். பெயர் இல்லாவிட்டால், உறையின் மேலே எழுதியிருக்கும் உன் பெயர் ஒன்றுதான் அவர்கள் முன்னால் இருக்கும். அதற்கு அவர்கள் பதில் சொல்லட்டும்.