கொலைக்கு ஏற்ற கிணறு

அன்பு மகன் தமீமுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உதவியால் நானும் அத்தாவும் புதுப்பட்டினத்தில் சுகமாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் மருமகள் ஜன்னாவும் அப்படியே இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். போனில் சொன்னால் நடுவில் சிரித்து என்னைப் பேசவிட மாட்டாய், அதனால்தான் கடிதம்.

மண்ணடியை விட்டு இங்கே வந்ததிலிருந்து எனக்கு ஒரு கொலைகூட வரவில்லை என்பது உனக்குத் தெரியும். அங்கே ஜன்னலைத் திறந்தால் யாராவது யாரையாவது முறைத்துக்கொண்டிருப்பார்கள், நாவல் தானாக நடக்கும். இங்கே கடற்காற்றும் மீனும்தான். பழைய தெருவை நினைத்து எழுதிப் பார்த்தேன், நினைவில் எல்லோரும் நல்லவர்களாகிவிட்டார்கள், ஒருவரையும் கொல்ல மனம் வரவில்லை. பதிப்பாளரும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார். இனி எழுத்து அவ்வளவுதான் என்று அத்தாவுக்குத் தெரியாமல் அழுதுகூட இருக்கிறேன்.

போன வாரம் திருப்போரூரில் மனை பார்க்க அத்தா கூட்டிப்போனார். வயலைச் சமப்படுத்தித் தார் ரோடு போட்டு, தெருவுக்குப் பெயர்ப் பலகைகூட வைத்துவிட்டார்கள், ஆள்தான் ஒருவரும் இல்லை. மூலையில் மூடாத பழைய கிணறு. பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. தரகர் முத்துசாமியிடம், இருட்டினால் இந்தப் பக்கம் யாராவது வருவார்களா, கத்தினால் ரோட்டுக்குக் கேட்குமா, கிணறு எவ்வளவு ஆழம் என்று கேட்டுக்கொண்டே போனேன். அத்தா வேறு பாவம், கிணற்றோரமாகத்தான் நின்றுகொண்டிருந்தார். தரகர் அவரை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தள்ளிப்போய் யாருக்கோ போன் போட்டார். நாங்கள் பஸ் ஏறுவதற்குள் எஸ்.ஐ. தெய்வநாயகி ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார், கூடவே முத்துசாமி. “இன்னாம்மா, வூட்டுக்காரர இட்டுகினு வந்து கெணத்து ஆழம் கேட்டியாமே” என்றார். கதைக்காகத்தான் கேட்டேன் என்றேன். நம்பவில்லை, அப்படியானால் கதையைச் சொல் என்றார். அதுவரை கதையே இல்லை தமீம். பஸ் ஸ்டாண்டில் நின்றபடி வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். ஆளில்லாத அந்தத் தெருவுக்கு முதலில் குடிவந்த மாமியார், மருமகள், அவர்களுக்கு மனை விற்றுவிட்டுக் காணாமல்போன தரகர். சொல்லச் சொல்ல மண்ணடி மனிதர்கள் ஒவ்வொருவராக வந்து அங்கே குடியேறினார்கள், கோபமும் பொறாமையுமாக, பழையபடியே. எங்கள் பஸ் வந்து போய்விட்டது, எஸ்.ஐ. அம்மா “அப்பால, அப்பால” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கொன்றது யார் என்று எனக்கே தெரியவில்லை, சொல்ல மாட்டேன் என்று கெத்தாக நிறுத்திக்கொண்டேன். “புக்கு வந்தா ஸ்டேஷனுக்கு ஒண்ணு அனுப்பிடுங்க, இல்லாங்காட்டி நானே வூட்டுக்கு வந்துடுவேன்” என்று சிரித்தபடி ஜீப்பில் ஏறினார். முத்துசாமி கிட்டே வந்து மெதுவாக, “என்னிய செத்தவனா போட்டாலும் பரவால்லம்மா, போன் நம்பர மட்டும் கரீட்டா போட்டுடு” என்றார்.

முதல் அத்தியாயம் நேற்று முடிந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தாவிடம் கொடுத்தேன். படித்து முடித்தவர் எழுந்துபோய்ப் பட்டப்பகலில் கொல்லைக் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். எனக்கு வேறென்ன வேண்டும்.

வெயிலில் அலையாதே, நேரத்துக்குச் சாப்பிடு. காலையில் போன் செய்யாதே, எழுதிக்கொண்டிருப்பேன். உங்கள் இருவரையும் அல்லாஹ் குறையில்லாமல் வைத்திருக்க என் துஆ எப்போதும் உண்டு. முக்கியமாக ஒன்று, கதையில் வரும் மருமகள் அவள் இல்லை என்று ஜன்னா கேட்பதற்கு முன்பே சொல்லிவிடு.

பிரியமுள்ள அம்மா,
சைதூன்