எழுத்தாளர் வீட்டு மேடு

"ஏனுங்க டீச்சர், உங்கப்பா என்ன கதைங்க எழுதுனாரு?"

போன மாதம் ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் என்னை நிறுத்தி இப்படிக் கேட்டவள், டீச்சர், நம் இருவரிடமும் படித்தவள்தான். இப்போது அங்கே தையல் கடை வைத்திருக்கிறாள். கழுத்தில் அளவு நாடாவோடு கடையிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். உள்ளூர் எழுத்தாளர் ஒருவரைப் பற்றி எழுதிக்கொண்டு வரும்படி அவள் மகளுக்குப் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். அருங்காட்சியகம் வெளியிட்ட உங்கள் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார்கள். நாகலூர் பக்கத்தில் 'எழுத்தாளர் வீட்டு மேடு' என்று ஓர் இடம் இருப்பதாக அதில் அச்சாகியிருக்கிறது. அந்த மேட்டில் இருந்தது எங்கள் வீடு ஒன்றுதான்.

"அவர் கதையெல்லாம் எழுதல கண்ணு. எஸ்டேட்டுல வேலைக்கு வந்த ஆள்பேர் எழுதுனாரு."

"அப்ப மியூசியத்துக்காரங்க பொய்யாங்க போடுவாங்க?" என்று கேட்டுவிட்டு, என் அடக்கத்தைப் பாராட்டுகிறவள் போலச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும், பல நாட்களாக மேசைமேல் பிரிக்காமல் வைத்திருந்த தபால் கட்டைப் பிரித்தேன். அந்துருண்டை வாசனை எழுந்தது. அருங்காட்சியகத்தின் வாசலில், டிக்கெட் கிழிப்பவருக்குப் பின்னால் நிற்கும் அந்தக் கண்ணாடி அலமாரியின் வாசனை. உள்ளே உங்கள் புத்தகம். மெலிந்த, காபி நிற அட்டை. மலைக் கிராமங்களின் பெயர்களும் வரலாறும். அட்டையில் உங்கள் பெயர், தனியாக, நடுவில்.

டீச்சர், நீங்கள் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. அந்த அட்டையைப் பார்த்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

வகுப்பில் நான் சொல்லும் உதாரணம் உங்களுக்கு நினைவிருக்கும். வேறு பள்ளிக்கூடத்துப் பெண் மாநிலத்திலேயே முதலாக வந்தால் நமக்கு ஒன்றும் செய்யாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் ஒரு மதிப்பெண் கூட வாங்கினால்தான் சோறு இறங்காது. பொறாமைக்குத் தூரத்துப் பார்வை கிடையாது. நீங்களோ ஆசிரியர் அறையில் என் பக்கத்து நாற்காலி.

நீங்கள் கணக்கு டீச்சர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலில் வந்து, முதல் வருடம் முழுக்க ஸ்வெட்டரைக் கழற்றாதவர். நான் தமிழ் டீச்சர். நாகலூரில் பிறந்தவள், எஸ்டேட் ரைட்டர் மகள். இந்த மலையைப் பற்றிப் புத்தகம் எழுத நம் இருவரில் யார் பொருத்தம் என்று கேட்டிருந்தால், கடைசி பெஞ்சுகூட என்னைத்தான் கை காட்டியிருக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர் நம் பள்ளிக்கு வந்தார். வட்டார வரலாற்றைச் சிறு சிறு புத்தகங்களாகப் போடுவதாகவும், மலைக்கும் ஒன்று வேண்டும் என்றும் சொன்னார். விருப்பமுள்ளவர்கள் நாகலூரைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதி அனுப்பலாம் என்றார். நான் மூடுபனியில் தொடங்கினேன். பிறகு மிளகுக் கொடி, பிறகு மலையின் பெருமை, பிறகு காபிப் பூவின் மணம். நீங்கள் இப்படித் தொடங்கினீர்கள்: "நாகலூருக்கு பஸ் உண்டு. இறங்கியதும் முதலில் தெரிவது டீக்கடை. யாரிடமும் எதையும் அங்கேதான் கேட்க வேண்டும்."

உங்களுடையதை எடுத்துக்கொண்டார்கள். என் பக்கங்களை நீங்கள் பொறுமையாகப் படித்துவிட்டுச் சொன்னதை நான் மறக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா நீங்க நாகலூருக்குப் போய்ச் சேரவே இல்லையே."

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் நீங்கள் ஊர் ஊராகக் கிளம்பியபோது துணைக்கு என்னையும் கூப்பிட்டீர்கள். நட்புக்காக வந்தேன் என்று நினைத்திருப்பீர்கள். நீங்கள் மட்டும் தனியாகப் போவதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

செம்மநத்தத்தில் சாமைக் காட்டில் நின்ற அந்த மனிதரை நினைத்துக்கொள்கிறேன். தலையில் துண்டு, கையில் களைக்கொத்து. நீங்கள் வரப்பில் நின்று, "இந்தக் காட்டுக்குப் பேரு உண்டாங்க?" என்றீர்கள்.

"பேரில்லாத காடு ஏதுங்க? இது பன்னிமுடக்குங்க. எங்க தாத்தன் காலத்துல காட்டுப்பன்னி நொம்ப. வந்து முடங்கிக்குமாமுங்க."

உங்கள் முகம் விளக்குப் போட்டதுபோல ஆனது. நானும் விடவில்லை. "அந்த மேல்காட்டுக்கு என்ன பேருங்க?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏனுங்க, நம்ம ரைட்டரு மவ நீங்க. உங்களுக்குப் போயி நாஞ் சொல்லணுங்களா? அந்த டீச்சருக்குத்தான் பாவம், ஒண்ணுந் தெரியாது." பிறகு உங்களை அழைத்துக்கொண்டு மேல்காட்டுக்கே நடந்தார். நான் வரப்பிலேயே நின்றேன்.

வேறொரு சனிக்கிழமை வெள்ளக்கடைக்குப் போனபோதும் அதேதான் நடந்தது. ஊர்க்காரி என்பதால் எனக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. வெளியூர்க்காரி என்பதால் உங்களுக்கு எல்லாம் கிடைத்தது. எனக்குத் தெரியும் என்று அவர்கள் நினைத்தவற்றில் பாதி எனக்குத் தெரியாது. அதை வாய்விட்டுச் சொல்லும் துணிச்சல் உங்களிடம் இருந்தது. "எனக்குத் தெரியாது, சொல்லுங்க" என்று எவ்வளவு எளிதாகச் சொல்வீர்கள். அதற்கும் எனக்குப் பொறாமைதான்.

செம்மநத்தத்தில் அன்று அந்தச் சாமைக்காட்டு மனிதரின் மனைவி, "ஊட்டுக்கு வந்து ஒரு வாய் காபித்தண்ணி குடிச்சுட்டுப் போங்க" என்றார். பழக்க தோஷம், "வீட்டுக்கு" என்று என் வாய் தானாகத் திருத்தியது. நீங்கள் என் கையைக் கிள்ளினீர்கள்.

"இது பள்ளிக்கூடமா டீச்சர்? காபிக்குமா சிவப்பு மை?"

புத்தகம் வந்த அன்று இருவரும் கீழே இறங்கி, அருங்காட்சியகத்தில் ஆளுக்கொரு பிரதி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் படித்தால் தலை சுற்றும். அன்று எனக்குச் சுற்றவில்லை. ஒவ்வொரு வரியிலும் தப்புத் தேடிக்கொண்டே வந்தேன். நீங்கள் ஏதோ கணக்குப் போடுகிறவர் மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தீர்கள்.

நாகலூரைப் பற்றிய பக்கத்தில் ஒரு தப்பு கிடைத்துவிட்டது. ரைட்டரூட்டு மேடு என்று ஊரே சொல்லும் இடம், 'எழுத்தாளர் வீட்டு மேடு' என்று அச்சாகியிருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு மெதுவாகச் சொன்னேன்.

"டீச்சர், எங்கப்பா ரைட்டருங்க. எழுத்தாளர் இல்லீங்க."

நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாம் உங்களாலதான். இங்கிலீஷ் வார்த்தையப் பார்த்தா நீங்க சிவப்பு மை எடுப்பீங்கல்லா? உங்களுக்குப் பயந்து கடைசி நேரத்துல உக்காந்து எல்லாத்தையும் தமிழாக்குனேன். ஊட்டையும் வீடாக்கிட்டேன். அடுத்த பதிப்புல சரி பண்ணிருதேன்."

அடுத்த பதிப்பு உங்கள் காலத்தில் வரவில்லை. நீங்கள் ஓய்வு பெற்று ஊருக்குப் போனீர்கள். பிறகு உங்கள் மகனிடமிருந்து அந்தத் தகவல் வந்தது. புத்தகம் மட்டும் அலமாரியில் விற்றுக்கொண்டே இருந்தது. எஸ்டேட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் சிலர் மேட்டில் ஏறி, எந்த எழுத்தாளர் என்று கேட்டுவிட்டும் போனார்கள்.

இப்போது அடுத்த பதிப்பு வருகிறது. தபால் கட்டோடு அருங்காட்சியகத்தின் கடிதமும் இருந்தது. உங்களோடு மலை முழுக்க நடந்தவள் என்பதால், திருத்தங்களை நான்தான் பார்த்துத் தர வேண்டுமாம். திருத்தங்கள் கணிசமாக இருந்தால், 'திருத்தியவர்' என்று அட்டையில் என் பெயரையும் போடுவார்களாம்.

என்னைத் தெரிந்தவர் நீங்கள், மீதியை ஊகித்திருப்பீர்கள். புதுச் சிவப்புப் பேனா வாங்கினேன். ஒரு வாரம் புத்தகத்தை வரிவரியாகப் படித்தேன். பொதுத்தேர்வு விடைத்தாளைக்கூட அவ்வளவு கடுமையாகப் பார்த்ததில்லை. ஊரின் பெயர்கள் சரி. காடுகளின் பெயர்கள் சரி. பன்னிமுடக்கு இருந்தது, என்னிடம் சொல்லாத மேல்காட்டின் பெயரும் இருந்தது. பல பக்கங்களில் நான் தப்புத் தேடுவதை மறந்து படித்துக்கொண்டே போய்விட்டு, கோபத்தோடு திரும்பி வந்து மறுபடி தேடினேன். ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது, ஏற்கெனவே கிடைத்தது.

ஒரு திருத்தத்துக்கு யாரும் அட்டையில் பெயர் போட மாட்டார்கள்.

அதையும் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். திருத்தினால் எனக்கு ஒன்றும் கிடைக்காது. திருத்தாவிட்டால் என் அப்பா எழுத்தாளராகவே இருப்பார். நான் எழுத்தாளர் மகளாக இருப்பேன். தையல் கடைக்காரி ஏற்கெனவே நம்பிவிட்டாள். உங்கள் புத்தகத்தில் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்தது அந்த ஒரு பட்டம்தான்.

பிறகு அப்பாவை நினைத்தேன். விடிகாலைக் குளிரில், தலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு, வரிசையில் நிற்கும் ஆட்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுதுவார். யாரையும் "ஏய்" என்று கூப்பிட்டதில்லை. அதனால்தான் அவர் போன பிறகும், வீடு இடிந்த பிறகும், அந்த மேடு ரைட்டரூட்டு மேடாக இருக்கிறது. இல்லாத ஒரு கதாசிரியருக்கு அந்த மேட்டைக் கொடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

'எழுத்தாளர் வீட்டு மேடு' என்பதை அடித்தேன். மேலே 'ரைட்டரூட்டு மேடு' என்று எழுதினேன். ஊட்டை வீடாக்கவில்லை. ஓரத்தில் இதைச் சேர்த்தேன்: "ரைட்டர் என்பவர் எஸ்டேட்டில் வேலைக்கு வந்தவர்களின் பெயரைக் கூப்பிட்டு எழுதுபவர். இங்கே குடியிருந்தவர் எல்லாருடைய பெயரையும் அறிந்திருந்தார்." எழுதி முடித்துப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. மூடுபனி இல்லை, காபிப் பூ இல்லை. நேராகப் போய்ச் சேர்ந்திருந்தேன். அது உங்கள் நடை, டீச்சர். அச்சானதும் எல்லாரும் நீங்கள் எழுதியது என்றே நினைப்பார்கள்.

கட்டைத் தபாலில் சேர்த்துவிட்டேன். பொறாமை தீரவில்லை. பஸ்ஸில் நாகலூர் வழியாகப் போகும்போதெல்லாம், இறங்கியதும் முதலில் தெரிவது டீக்கடை என்று மனம் தானாகச் சொல்கிறது. அந்த வாக்கியத்தை நான் எழுதியிருக்க வேண்டும்.

இந்த மடலை வேறு யாராவது படித்தால் அவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஊரில், தினமும் கடந்துபோகும் ஓர் இடத்தைக் காட்டி, "இதுக்கு என்ன பேரு, எனக்குத் தெரியாது, சொல்லுங்க" என்று ஒருவரிடம் கேளுங்கள்; அவர் வாயிலிருந்து வருவதை ஓர் எழுத்துகூடத் திருத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள்.