படத்துக்குள் நிற்கும் பானை

மச்சாள்,

சுண்ணாம்பு கரைத்த கையை இரண்டு தரம் கழுவிவிட்டேன். மணம் போகவில்லை. அந்த மணத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

நீ எப்போதும் பிள்ளைகளின் சங்கதியைத்தான் முதலில் கேட்பாய். ஆகவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மூத்த பேரன் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் குசினிக்கே பொறுப்பாகிவிட்டான். அவன் வைக்கும் நண்டுக் கறியை வெள்ளைக்காரர் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்களாம். வீட்டில் ஒரு தேங்காய் திருவித் தராதவன்! அவன் தங்கைக்குக் களுவாஞ்சிக்குடியில் ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது. சேலை கட்டி பஸ்ஸுக்கு நிற்கும்போது அசல் நீதான். என் மகனின் கடைக்குட்டி ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் சித்தியடைந்துவிட்டான். நான் படிப்பை விட்ட வகுப்பில் அவன் பரிசு வாங்குகிறான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். என் மகளின் மகளோ பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறாள். நம் மாதர் சங்கத்தின் இணையப் பக்கத்தை இப்போது பார்ப்பவளும் அவள்தான்.

அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும். உன் கண்டல் மரத்தின் புள்ளி சாம்பல் நிறமாகிவிட்டது, மச்சாள்.

தொண்டு நிறுவனத்து மிஸ் முதன்முதலாக வந்து போனைத் திறந்து காட்டியது நினைவிருக்கிறதா? வாவிக்கரை முழுவதும் அதற்குள் ஒரு படமாகக் கிடந்தது. கரை அரிக்காமல் இருக்க நாம் சேற்றில் நடப்போகும் ஒவ்வொரு கண்டல் கன்றுக்கும் அதில் ஒரு புள்ளி. எங்கோ தூரதேசத்தில் இருப்பவர் ஒருவர் ஒரு கன்றின் செலவை ஏற்றுக்கொள்வார். அவர் தன் புள்ளியைத் தட்டினால் அந்தக் கன்றின் படம் வரும். நட்டவள் படம் அனுப்பிக்கொண்டிருக்கும் வரை புள்ளி பச்சை. நெடுநாள் படம் வராவிட்டால் சாம்பல். மிஸ் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "உலகமே உங்கட கண்டலப் பாக்கப் போகுதும்மா" என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். நீ மட்டும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு இருந்தாய்.

முருங்கைக்காய் போல நீண்ட விதைகளைச் சேற்றில் ஊன்றினோம். முளைத்து இரண்டு இலை விட்டதும் ஒவ்வொன்றாகச் சாயத் தொடங்கின. நண்டு வெட்டுகிறது, மாடு மிதிக்கிறது, வேலி போட வேண்டும் என்றாள் மிஸ். நீ என்னை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனாய்.

"என்னகா மச்சாள், அவள் நண்டு மாடு எண்டு கதைக்கிறாள். உலகமெல்லாம் பாக்குதெண்டு அவள்தானே சொன்னவள்? அவ்வளவு கண்ணும் பட்டா இந்தச் சின்னக் கண்டு தாங்குமா?"

மறுநாள் வீட்டிலிருந்து அடி கருகிய பழைய சோற்றுப் பானையைக் கொண்டுவந்தாய். கத்தரித் தோட்டத்தில் வைப்பது போலச் சுண்ணாம்பால் கண்ணும் மூக்கும் வரைந்தாய். புருவத்தை நெரித்து, உதட்டைப் பிதுக்கி, ஒரு முகம். எனக்கு எங்கோ கண்ட முகமாக இருந்தது.

"ஆரடி இது?"

"என்ட அம்மா. உன்ட மாமியார்" என்றாய். "இந்த முகத்தக் கண்டு நீயே முப்பது வருசம் நடுங்கினாய். வெளிநாட்டுக்காரன் என்ன பெரிய ஆளா?"

சேற்றில் இருந்து சிரித்துச் சிரித்து எனக்கு எழும்பவே முடியவில்லை.

படம் எடுக்கும் நாளில் மிஸ் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அம்மா, பானையக் கொஞ்சம் தள்ளி வெச்சிட்டு எடுப்பமா? பாக்கிறவங்க என்னவும் நினைப்பாங்க."

"இல்ல மகள்" என்று நீ அவள் தாடையைத் தடவினாய். "கண்ணு வாறது படத்துக்குள்ளாலதானே? அப்ப பானையும் படத்துக்குள்ளதான் நிக்கணும். வெளிய நிண்டு அது ஆரத் தடுக்கிற?"

மிஸ் போனை என் பேத்தியிடம் கொடுத்துவிட்டாள். பானைக்கு ஒரு பக்கம் கன்று, மறுபக்கம் நீ. முன்பல் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி தெரிய வாய் நிறையச் சிரித்தாய். என் பேத்திதான் எடுத்தாள்.

அந்தக் கன்று கனடாவில் இருக்கும் ஒரு தம்பியுடையது. நம் வாவிக்கரையில் பிறந்து அங்கே போய்க் கண்மூடிய தன் தாயின் நினைவாக அதை ஏற்றிருந்தார். வேலைக்குப் போகுமுன் காலையில் அந்தப் புள்ளியைத் தட்டிப் பார்ப்பாராம். பானையைக் கண்டுவிட்டு, அது யாருடைய முகம் என்று படத்துக்குக் கீழே எழுதிக் கேட்டிருந்தார். என் பேத்தி வாசித்தாள். நீ உடனே பதில் சொன்னாய்.

"எழுது மகள். அது என்ட அம்மா. உங்கட அம்மாட மரத்தப் பாத்துக்கொண்டு நிக்கிறா."

அதன்பிறகு அவர் எழுதும்போதெல்லாம் இரண்டு அம்மாக்களையும் சேர்த்துத்தான் சுகம் விசாரித்தார். சங்கத்துப் பெண்கள் எல்லாரும் தங்கள் கன்றுகளுக்குப் பானை வைக்கத் தொடங்கினார்கள். வேலியும் போட்டோம். அடுத்த நடுகையில் சாய்ந்தவை கொஞ்சம்தான். இன்றைக்கும் மிஸ் வேலி என்கிறாள், சங்கத்தில் பாதிப்பேர் பானை என்கிறார்கள். நீ இருந்திருந்தால் அந்த வழக்கு என்றைக்கோ தீர்ந்திருக்கும்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "படம் அனுப்பியாச்சா?" என்று கேட்டாய். அனுப்பிவிட்டோம் என்று சொன்னேன். அது உண்மைதான். முதல் படத்தைப் போலவே பானையோடு நீ நின்று சிரித்த படம்தான் கடைசியாகப் போனது. அதற்குப் பிறகு எதுவும் போகவில்லை.

உன் முப்பத்தோராம் நாள் காரியம் கழிந்ததும் பேத்தி வந்து, "அம்மம்மா, மரத்துக்குப் புதுப் படம் எடுப்பம்" என்றாள்.

"அப்ப பழைய படம்?"

"அது கீழ போயிரும்."

"கீழ எண்டா எங்க?"

"அழியாது அம்மம்மா. ஒவ்வொண்டாத் தட்டித் தட்டிப் போனாக் காணலாம்."

தட்டித் தட்டிப் போய் யார் உன்னைப் பார்ப்பார்கள்? இப்போது புள்ளியைத் தொட்டதும் நீ வந்து நிற்கிறாய். எனக்கு அந்த ஒரு புள்ளியைத்தான் தட்டத் தெரியும். வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அவள் வற்புறுத்தவில்லை. மாரி வந்தது. வெள்ளம் உன் பானையைக் கொண்டுபோய்விட்டது. புள்ளியும் சாம்பலாகிவிட்டது. தட்டினால் நீ வருகிறாய்தானே, நிறம் என்னவாக இருந்தால் என்ன என்று இருந்துவிட்டேன்.

நேற்றுக் கனடாவிலிருந்து எழுத்து வந்தது. பேத்தி என் பக்கத்தில் இருந்து மெல்ல வாசித்தாள். "அம்மாவின் மரம் பட்டுப்போய்விட்டதா? அப்படியென்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நான் தாங்கிக்கொள்வேன்."

திரும்பவும் ஒருமுறை வாசிக்கச் சொன்னேன், மச்சாள். அங்கே ஒரு பிள்ளை தன் தாயை இரண்டாம் தரம் பறிகொடுத்துவிட்டு இருக்கிறது. இங்கே மரம் சுகமாக நிற்கிறது.

இன்று காலையில் வெள்ளெனவே என் சோற்றுப் பானையை எடுத்துக்கொண்டு பேத்தியோடு போனேன். நீ போகும்போது உன் தோளளவு நின்ற மரத்தை இப்போது அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். சேற்றில் கால் பரப்பி ஊன்றிக்கொண்டு நிற்கிறது. வேருக்குள்ளே இறால் குஞ்சுகள் ஓடுகின்றன. கொக்கு ஒன்று எங்களைக் கண்டும் பறக்கவில்லை.

அங்கேயே குந்தியிருந்து சுண்ணாம்பைக் கரைத்தேன். மாமியின் முகத்தைத்தான் வரைய வேண்டும் என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். புருவத்தை நெரித்துப் போட்டால் அது மேலே வளைந்துகொண்டு போகிறது. வாயைப் பிதுக்கி வைத்தால் அகன்றுவிடுகிறது. கண்ணும் சரியாகத் தெரிவதில்லை. பல் வரைந்தேன். முன்பல் இரண்டுக்கும் நடுவே விரல் தானாகவே இடம் விட்டுவிட்டது.

பேத்தி போனைத் தூக்கிப் பிடித்தாள். பிறகு இறக்கிவிட்டுச் சொன்னாள்.

"என்ன அம்மம்மா, பயமுறுத்திற பானையெண்டீங்க. இது சிரிக்குதே!"

அவள் கிட்டப் போய் அந்தப் பல்லின் இடைவெளியைப் பார்த்தாள். பிறகு வந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள். கண்டுபிடித்துவிட்டாள்.

படத்தை எடுத்துவிட்டாள். இன்னும் போடவில்லை. "நீங்க சொன்னாத்தான் போடுவன்" என்று சொல்லிவிட்டு உள்ளே தேநீர் ஊற்றுகிறாள். என் நகக்கண்ணில் இன்னும் சுண்ணாம்பு இருக்கிறது. இனி வெள்ளம் கொண்டுபோகும் ஒவ்வொரு தரமும் வரைவேன். உன் முகம் என் விரலில்தான் இருந்திருக்கிறது, மச்சாள். எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

இதோ பேத்தியைக் கூப்பிடப் போகிறேன்.

மகள், அந்தப் புதுப் படத்தப் போட்டுவிடு. பானை நல்லாத் தெரியட்டும்.