மூன்று சொல்லா, எகிப்துச் சொல்லா

ஜெருசலேம்,
எலூல் மாதம் ஐந்தாம் நாள்

அன்பு மகன் எல்கானாவுக்கு அம்மா எழுதுவது. கடவுள் கருணையால் இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம். மனசுக்குத்தான் சுகம் இல்லை, அதற்குக் காரணம் நீயும் உன் அப்பாவும். மெல்போர்னில் குளிர் விட்டதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் தங்கை திர்ட்ஸாவின் கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டே நாள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு நாள் மீன் வேண்டும் என்கிறார்கள், மறுநாள் வேண்டாம் என்கிறார்கள், அதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு சொல்லுக்காக அப்பனும் மகனும் பெஸாஹ் பண்டிகையிலிருந்து பேசாமல் இருக்கிறீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. நம் வேதமான தோரா முழுவதிலும் இரண்டே இடத்தில் வருகிற சொல் ஷாத்னேஸ். கம்பளியும் லினனும் கலந்த துணியை உடுத்தக் கூடாது, அது தெரிந்தால் போதாதா? சீவியது, நூற்றது, நெய்தது என்ற மூன்று சொல்லைச் சேர்த்துக் கட்டியது என்று நம் ஞானிகள் சொன்னதைத்தான் உன் அப்பா முப்பது வருஷம் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார். நீயோ விருந்தாளிகள் முன்னால், "அது நம்ம சொல்லே இல்லப்பா, எகிப்துலேர்ந்து வந்திருக்கலாம்னு ஒரு புத்தகத்துல படிச்சேன், மூணா பிரிச்சது பிற்பாடு கட்டுன கதை" என்றாய். "அப்போ முப்பது வருஷமா நான் கதையாடா விட்டேன்? தங்கச்சி கல்யாணத்துக்கு நீ வர வேணாம்" என்று அவர் எழுந்து போனார். எகிப்திலிருந்து நாம் வந்ததைக் கொண்டாடுகிற பண்டிகையில், ஒரு சொல்லும் கூட வந்தால் என்ன குடி முழுகிவிடும்? கேட்க ஆள் இல்லை.

இப்போது நீ அனுப்பிய கம்பளிக் கோட்டு. அப்பா தொடவே இல்லை. "அவனுக்கு எல்லாம் கதைதானே, காலர்ல கண்டிப்பா லினன் இருக்கும்" என்றார். துணி பரிசோதிக்கிற பெய்லாவிடம் கொண்டுபோனேன், தன் பக்கம் ஜெயிப்பதைப் பார்க்க அவரும் கூடவே வந்தார். பெய்லா காலரைப் பிரித்து, நூலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பழைய தையல் ஓட்டை தெரியுது, விறைப்புக்கு வச்ச லினனை யாரோ ஏற்கெனவே எடுத்துட்டு பருத்தி வச்சிருக்காங்க. தைச்சவனுக்குக் கண்ணு தெரியாதா, இவ்ளோ கோணலா இருக்கு?" என்றாள். அது உன் கைத் தையல் என்று எனக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது. பட்டாளத்துக்குப் போகுமுன் பொத்தான் தைக்க உனக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்தானே. பார்சலில் ஒரு துண்டுச் சீட்டு வைக்க உனக்குக் கை வலித்ததா?

அப்பா காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேராகத் தைத்துத் தருகிறேன் என்று பெய்லா சொன்னதும் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார், "அது அப்படியே இருக்கட்டும்" என்று. இந்த வெயிலில் வீட்டுக்குள்ளேயே அதைப் போட்டுக்கொண்டு அலைகிறார், வேர்க்கிறது, கழற்றச் சொன்னால் முறைக்கிறார். சரி, வரச் சொல்லி எழுதுங்கள் என்றேன். "சொல்லு விஷயத்துல அவன் சொன்னது தப்புதான். நீயே எழுது" என்கிறார். உங்கள் இருவருக்கும் நடுவில் நான் தபால்காரி.

திர்ட்ஸாவுக்கும் உனக்கும் ஆண்டவன் நீண்ட ஆயுளையும் அமைதியையும் தரட்டும். டிக்கெட்டை இன்றே எடு. கடைசியாக ஒன்று, பின்னால் நின்று உன் அப்பா படித்துக்கொண்டே சொல்கிறார்: "அந்த எகிப்துப் புத்தகத்தையும் எடுத்துட்டு வரச் சொல்லு. பக்கத்துல உக்காந்து காட்டட்டும்."

உன் அம்மா,
ஹொக்லா