கண்பெட்டிக்குள் ஒரு கோபக்காரி

மார்ச் 3, திங்கள்

கம்பெனியில் இன்று கண்பெட்டி வந்து இறங்கியது. இறங்கியது என்ன, என் தலைமேலேயே வந்து உட்கார்ந்தது. கறுப்பாக, முகத்தில் பாதியை மூடுகிற ஒரு பெட்டி. மாட்டிக்கொண்டால் எங்கள் சர்வீஸ் கவுண்டர் அப்படியே தெரிகிறது. எதிரே ஒரு பெண் நின்றுகொண்டு வாஷிங் மெஷின் ரிப்பேருக்காகக் கத்துகிறாள். அவளைச் சமாதானப்படுத்த வேண்டும். எவ்வளவு நன்றாகச் செய்தோம் என்று பெட்டியே மார்க் போடும்.

இத்தனை வருஷமாகப் பயிற்சி வகுப்பில் அந்தக் கத்துகிற வேலையைச் செய்து வந்தது நான். புதிதாகச் சேர்ந்தவர்கள் கவுண்டரில் நிற்பார்கள். நான் வாடிக்கையாளராக வந்து கிழி கிழியென்று கிழிப்பேன். என்னிடம் அழுதவர்கள்தான் இன்று நல்ல நிலையில் இருக்கிறார்கள்.

"இனிமே கத்துறதுக்கு மெஷின் இருக்கு மேடம். எப்படிச் சமாளிக்கணும்னு மட்டும் நீங்க சொல்லிக் கொடுங்க. அதுக்கு முன்னாடி நீங்க அதுல எண்பது எடுக்கணும். மாசக் கடைசியில பரீட்சை" என்றார் மேனேஜர். எடுக்காவிட்டால்? "குடோன்ல ஆள் தேவைப்படுது" என்று சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

எண்பதா? எனக்கா? ஊதித் தள்ளிவிட மாட்டேனா.

மார்ச் 4

முப்பத்தொன்று.

மார்ச் 5

பெட்டி கொடுத்த அறிக்கையை இங்கே எழுதிவைக்கிறேன், என் மானம் போன கணக்குக்கு: 'வாடிக்கையாளர் பேசும்போது தொடர்ந்து குறுக்கிட்டீர்கள். விரலை நீட்டினீர்கள். வாடிக்கையாளர் அழத் தொடங்கியது உங்கள் வெற்றி அல்ல.'

என்னிடம் பயிற்சி எடுத்த கவுண்டர் பெண் எண்பத்தெட்டாம். எப்படியடி என்று கேட்டேன். "'உங்க சிரமம் எனக்குப் புரியுதுங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா மார்க் ஏறுது மேடம்." இதற்குப் பெயர் பயிற்சி!

மார்ச் 10, திங்கள்

கம்பெனி முழுக்க அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது. இன்று ஒரு பெரியவர் அவசரமாக வந்து, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார். கவுண்டர் பெண் முகத்தில் சோகத்தை வரவழைத்துக்கொண்டு, "உங்க சிரமம் எனக்குப் புரியுதுங்க" என்றாள். "புரிஞ்சா வழியைச் சொல்லும்மா!" என்று அவர் போட்ட சத்தம் குடோன் வரை கேட்டிருக்கும்.

நானும் அதையே சொல்லிப் பார்த்தேன். முப்பத்தெட்டு. நான் சொன்னால் அது மிரட்டுகிற மாதிரி இருக்கிறதாம்.

மார்ச் 15, சனி

பெட்டியை வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஹாலில் நின்று மாட்டிக்கொண்டேன். மெஷினைத் தானே பிரித்துப் பார்த்ததாக உள்ளே இருக்கிற மகராசி ஆரம்பித்தாள். எனக்கு வந்ததே கோபம்! "யாரைக் கேட்டுக்கிட்டுப் பிரிச்சீங்க? தெரியாத வேலையில எதுக்குக் கை வைக்கிறீங்க?"

பெட்டியைக் கழற்றினால் எதிரே என் வீட்டுக்காரர், கையில் ஸ்க்ரூ டிரைவரோடு. "இல்லம்மா, திரும்ப மாட்டிடுறேன்." பின்னால் மேஜைமேல் எங்கள் மிக்ஸி நாலு துண்டாகக் கிடந்தது.

மார்ச் 16, ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது. விளையாட்டுக்காக இவர் பெட்டியை மாட்டிக்கொண்டார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ம்... அடடா... ஆமா... அப்புறம்?" அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தொண்ணூற்றாறு!

வயிறு பற்றி எரிந்தது. "எங்கே கத்துக்கிட்டீங்க இதை?" என்றேன். பெட்டியை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

"ஏம்மா, இது நீதானே?"

"எது?"

"உள்ள இருக்கிற பொம்பளை. 'நான் என்ன வேலைவெட்டி இல்லாமலா வந்து நிக்கிறேன்'ங்கிறா. குரல்தான் வேற. 'சரி, அதை விடுங்க'ன்னு சொல்லிட்டு அதையே விடாம பேசுறா பாரு, அது அச்சு அசல் நீ."

சாயங்காலம் வரை நான் அவரோடு பேசவில்லை. அதை அவர் தண்டனையாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. நிம்மதியாகத் தூங்கினார்.

மார்ச் 17, திங்கள்

பெட்டியைக் கொண்டுவந்து மாட்டிய இன்ஜினியர் பெண்ணுக்கு போன் போட்டேன். "ஆமா மேடம், உங்க பழைய வகுப்பு வீடியோவெல்லாம் போட்டுக் காட்டித்தான் மெஷினுக்குக் கோபப்படச் சொல்லிக் கொடுத்தோம். உங்க அளவுக்குக் கோபப்பட யாராலயும் முடியாதுன்னாங்க தலைமை ஆபீஸ்ல."

ஒரு நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. என் வேலையைப் பிடுங்க நான்தான் கிடைத்தேனா? எனக்கு மார்க் விழாமல் பண்ணுகிறவளும் நானா? சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வார்கள். எனக்குக் கம்பெனி செலவிலேயே வைத்துவிட்டார்கள்.

என்னை நானே ஜெயிப்பதா? இவரைத் தவிர வேறு யாருக்கு அந்த வித்தை தெரியும்?

மார்ச் 22, சனி

வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "நான் கத்தும்போது நீங்க என்னதான் பண்ணுவீங்க?"

"கேப்பேன். நீ நிறுத்தினதும் 'அப்புறம்?'னு கேப்பேன். உனக்கே சொல்றதுக்கு ஒண்ணும் மிஞ்சாது. அப்பத்தான் நெசமா எது வலிக்குதோ அது வரும்."

"அதுவரைக்கும் நான் பேசினதெல்லாம்?"

"அது முன்னுரை."

அடிக்கலாம் போலிருந்தது. சிரித்துத் தொலைத்தேன்.

மார்ச் 28, வெள்ளி

பரீட்சை. மேனேஜரும் இன்ஜினியர் பெண்ணும் பக்கத்திலேயே நின்றார்கள். உள்ளே அவள் என்ன பேச்சுப் பேசினாள் தெரியுமா! ஒவ்வொன்றுக்கும் நாக்கு நுனியில் பதில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். "அப்புறம்?" என்றேன். மறுபடி கத்தினாள். "அப்புறம்?" வாரன்டி, தண்ணீர் ஒழுகுவது, மெக்கானிக் வராதது, எல்லாம் ஆயிற்று. திடீரென்று சத்தம் அடங்கிப்போய், "யாருமே நான் சொல்றதைக் கடைசி வரைக்கும் கேக்க மாட்டேங்கிறாங்க" என்றாள்.

இதை எந்த வகுப்பில் சொன்னேன்? நடிப்புக்குத்தான் சொன்னேனா? "நான் கேக்குறேன், சொல்லுங்கம்மா" என்றேன்.

எண்பத்து நான்கு. குடோனுக்கு வேறு ஆள் பார்க்கப்போகிறார்களாம். வீட்டுக்கு வந்து ஒன்றுவிடாமல் இவரிடம் கொட்டித் தீர்த்தேன். வழக்கம்போல ம் போட்டுக்கொண்டே கேட்டார்.

மார்ச் 30, ஞாயிறு

டீ போட்டுக் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தேன். "இன்னைக்கு நீங்க சொல்லுங்க" என்றேன். இவர் பயந்துபோனார்.

"பரீட்சைதான் முடிஞ்சிடுச்சே?"

"முடிஞ்சிடுச்சு. சும்மா சொல்லுங்க."

முதலில் மிக்ஸியின் ஸ்க்ரூவைப் பற்றிச் சொன்னார். பிறகு ஜன்னல் திரையின் நிறம் பிடிக்கவில்லை என்றார். அதை வாங்கியது நான். சும்மா இருந்தேன். டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே, "போன வருஷம் எனக்கு வரவேண்டிய பிரமோஷனை வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டாங்க" என்றார்.

போன வருஷம்! இந்த வீட்டில்தானே இருந்தேன் நான்?

"அன்னைக்கே சொல்லத்தான் வந்தேன். உன் வகுப்புல யாரோ அழுததைச் சொல்லிக்கிட்டிருந்தே. இடைவெளியே கிடைக்கலை."

என் பக்க நியாயம் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினேன். கஷ்டமாகத்தான் இருந்தது. இவர் மேலதிகாரியைப் பற்றி ஆரம்பித்தார். அந்த ஆளின் நடை, சிரிப்பு, மீட்டிங்கில் அடுத்தவர் சொன்னதைத் தன் யோசனை மாதிரி சொல்கிற லட்சணம் என்று ஒன்றையும் விடவில்லை. குரல் ஏறியது. விரலை வேறு நீட்டினார். டீ ஆறிப்போனதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

இந்த மனுஷருக்கு இவ்வளவு நன்றாகத் திட்டத் தெரியும் என்று எனக்குத் தெரியவே தெரியாது.